பழைய சீட்டைக் கிழிக்காத என் சகலை முனிரத்தினம்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். கேட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். என் சகலை திரு. முனிரத்தினம் அவர்கள் இந்த ஆடியைத் தாண்ட மாட்டார் என்று சொன்னேன். எங்கள் ஊர் அமுலுவின் மகள் கல்யாணம் நிற்காது என்று சொன்னேன். சுண்ணாம்புக் கல்லுக்குள் சுருண்டு கிடந்தது பாம்பு அல்ல என்றும் முதல் நாளே சொன்னேன். மூன்றும் அப்படியே ஆயின.

செய்தி வந்தபோது உத்திரமேரூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி போன் செய்தாள். "எங்க கீறீங்க? அக்கா போன் பண்ணுச்சி. மாமா போயிட்டாராம்" என்றாள். காலையில் பல் துலக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், காபி ஆறுகிற நேரத்துக்குள் போய்விட்டார். நான் அதிர்ச்சி அடையவில்லை. அதற்கு முந்தின வாரம் அவர் தமது பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தபோதே எனக்குத் தெரியும். ஆனால் கடைக்காரர் மோட்டாரை எடுத்து வந்து வைத்து, "இன்னாங்க, கூப்புட்டுக்கினே கீறேன், காதுல வுழலியா?" என்று கேட்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போடும் இந்த நினைவு மலரில் யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. படித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவது வகுப்புக்கு என்னைத் தாங்கும் சக்தி இல்லை. ஆனாலும் சுற்று வட்டாரத்தில் பெட்டிஷன் எழுதுவது நான்தான். நான் எழுதிய பெட்டிஷனுக்குத் தாசில்தாரே எழுந்து நின்றிருக்கிறார். அதனால் என்னிடம் கொடுத்தார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முனிரத்தினம் அவர்கள் என் மனைவியின் அக்காள் கணவர். சென்னையில் ஒரு கல்லூரியில் நிலவியல் துறையில் லேப் அட்டெண்டராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். நிலவியல் என்றால் கல்லைப் படிப்பது. பேராசிரியர்கள் கல்லைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். அவர் தூசி தட்டி, எண் எழுதி, இழுப்பறையில் வைப்பார். "புரொபசருங்க நாலு வருசம் இருந்துட்டு மாறிப் பூடுவாங்க சகல. நானும் தூசியுந்தான் பர்மனெண்ட்" என்பார்.

அவரை நான் முதலில் கவனித்தது என் கல்யாணத்தில். மணப்பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைக்க நான் குனிந்திருக்கிறேன். பக்கத்தில் இன்னொரு தலையும் குனிந்தது. நிமிர்ந்து பார்த்தால் பெரிய மாப்பிள்ளை. அம்மியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நம்ம மலைக் கல்லுதான் சகல. பாருங்க, எண்ண தடவுன மாதிரி உள்ள பச்சையா மினுக்குது."

என் மாமியார் கூட்டத்திலிருந்து சத்தம் போட்டார். "பெரிய மாப்ள! கல்ல அப்பறமா பாருங்க. நல்ல நேரம் போவுது!"

ஐயாயிரம் பேர் கூடிய கல்யாணம் அது. பந்தி எழுபது இலை என்று என் மனைவி சொல்வாள். எப்படி இருந்தாலும் சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. அவர் மட்டும் சிரிக்காமல் அந்தக் கல்லின் பெயரை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். சார்னோக்கைட். எனக்கு அந்தப் பெயர் இன்றுவரை மறக்கவில்லை. முகூர்த்த நேரம் மறந்துவிட்டது.

பிறகு என் தகப்பனாரின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னை போய் அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். ஒரு நாள் தம்முடைய லேபுக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒன்றைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன அட்டைப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கல், கல்லின்மேல் வெள்ளைப் பெயிண்ட் பொட்டு, பொட்டின்மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி எண். எழுதியது அவர்தான். ஒரு பெட்டியில் கல்லைவிடக் காகிதம் அதிகமாக இருந்தது. பழுப்பேறிய நாலு சீட்டுகள்.

"இத்தினி சீட்டு எதுக்கு சகல? பழசக் கிழிச்சிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வெச்சா அழகா இருக்குமே" என்றேன்.

"கிழிக்கவே கூடாது. மொதல்ல பார்த்தவரு இன்னா சொன்னாரோ, அது ஒரு சீட்டு. அடுத்தவரு வந்து இல்லேன்னாரு, அது ஒண்ணு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. பேரோட இருக்கணும்."

"தப்பா சொன்னவரு பேரு கூடவா? மானம் போவாதா?"

"அடுத்து பாக்குற ஆளுக்கு எங்க சறுக்கிச்சின்னு தெரிய வேணாமா? சந்தேகம்னா பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுவாங்க. பெரிய பெரிய புரொபசருங்களே போட்டுக்கீறாங்க, பாருங்க."

காட்டினார். நிறைய கேள்விக்குறிகள் இருந்தன. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் கேள்விக்குறி போடலாமா என்று அங்கேயே கேட்டேன். அவர் இழுப்பறையை மெல்ல மூடினார். அவர் எதையும் வேகமாக மூடி நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றபின் சாலவாக்கம் பக்கத்தில் மாமனார் கொடுத்த இடத்தில் வீடு கட்டி வந்துவிட்டார். எங்கள் ஊருக்கு மொபெட்டில் கால் மணி நேரம். வண்டியின் முன்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் எப்போதும் இருக்கும். அதில் பூதக்கண்ணாடி, தேய்ந்த டூத் பிரஷ், கோணி ஊசி, ஒரு குப்பியில் பாத்ரூம் ஆசிட், வெள்ளைப் பெயிண்ட், இங்க் பேனா. ஊரில் சிலர் அவரை வைத்தியர் என்று நினைத்து மூட்டு வலிக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள். "நான் பாக்குறதுங்களுக்கு வலியெல்லாம் எப்பவோ நின்னுபோச்சி" என்று சொல்லி அனுப்புவார்.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன். அவரை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியவைத்தது அதுதான்.

போன வருடம் தை மாதம். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. சிமெண்ட் கூடாது, பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரைதான் என்று ஸ்தபதி சொல்லிவிட்டார். ஏரிக்கரையில் காளவாய் போட்டு, அங்கேயே கல்லைச் சுட்டு நீற்றுவதாக முடிவு. அரியலூர் பக்கம் போய்க் கல்லைப் பேசி, டிப்பர் லாரியில் கொண்டுவந்து இறக்கியது நான். இதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று இல்லை. கல்வெட்டு வைத்தால் அதில் வரத்தான் போகிறது.

கல்லைச் சுடுவதற்கு முன்னால் கைக்கு அடங்கும் அளவில் உடைக்க வேண்டும். அதற்குக் காலனியிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் அமுலு என்ற அம்மாள் சம்மட்டி பிடித்தால் ஆண்கள் இரண்டடி தள்ளி நிற்பார்கள். புருஷன் இல்லாமல் ஒரு மகளை வளர்த்தவர். மகள் செல்வி தையல் கம்பெனிக்குப் போகிறாள். அவளுக்குக் காவாந்தண்டலத்தில் மாப்பிள்ளை பார்த்து, வரும் ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால், அமுலு ஒரு பெரிய கல்லை ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தார். இரண்டு பக்கத்திலும் எவர்சில்வர் தட்டு அகலத்துக்கு ஒரு சுருள். சுற்றிச் சுற்றி, வரி வரியாக.

"பெரியவரே, இத்த வந்து பாருங்களேன். உள்ள சக்கரம் மாதிரி இன்னாவோ சுருட்டிக்கினு கீது" என்று என்னைக் கூப்பிட்டார். நான் பார்த்தேன். சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் எல்லாரும் புளியமரத்துப் பக்கம் போய்விட்டார்கள். கல்லும் நானும்தான் இருந்தோம்.

அப்போது கரைமேல் ஒரு பெரியவர் வந்தார். திருப்புட்குழிப் பக்கம் என்று சொன்னார். வெள்ளை வேட்டி, மார்பு வரை தாடி, இடது காதில் மட்டும் ஒரு கடுக்கன், கையில் பித்தளைச் செம்பு. கல்லைப் பார்த்தவர் செருப்பைக் கழற்றினார். "இது நாகம். தவம் செய்து கல்லாய்ச் சமைந்த நாகம். இது வந்த ஊர் விளங்கும். ஆனால் உடைத்த கைக்குத் தோஷம் உண்டு" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டார். வேலையாட்கள் திரும்பி வந்ததும் அவர் சொன்னதைச் சொன்னேன். கல்லைப் போட்டோ எடுத்து, அவர் வாக்கையும் எழுதி, கோயில் குழு வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரே ஒரு குரூப்பில்தான் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் கல்மேல் மஞ்சள், குங்குமம், பால். நல்ல பாம்பு செத்துக் கிடந்தால் எங்கள் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பால் ஊற்றி, வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைப்பார்கள். இதற்கும் அதைச் செய்வதா, அல்லது கோயிலில் வைத்துக் கும்பிடுவதா என்று இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று: அமுலு திருப்பணிக் கல்லைத் தொடக் கூடாது.

போட்டோ புதன்கிழமை காவாந்தண்டலம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் தாயார் பச்சையம்மாள் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வரோம். ஆனா தட்டு கொண்டார மாட்டோம். நாக தோஷம்னா பொண்ணு வயித்துக்குத்தான் மொதல்ல வரும்னு சொல்றாங்க. பேசிட்டுப் போறோம்." பேசிட்டுப் போவது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று அமுலு எங்கள் வாசலுக்கு வந்தார். அழவில்லை.

"பெரியவரே, நான் வோணும்னா ஒடச்சேன்? ஒடைக்கச் சொல்லித்தான கல்லக் கொட்னீங்க? லாரி லாரியா ஒடச்சேன், ஒண்ணும் கேக்கல. ஒண்ணே ஒண்ணுல இன்னாவோ இருந்துச்சி, அதுக்கு என் பொண்ணா?"

என் மனைவி உள்ளேயிருந்து, "எங்க மாமாவக் கூப்புடுங்க. கல்லப் பத்தி இந்த வூட்ல அவருக்குத்தான் தெரியும்" என்றாள். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

வியாழக்கிழமை காலை பிஸ்கட் டின்னோடு வந்தார். ஆயிரம் பேர் கூட்டம், குறைத்துச் சொன்னாலும் நூறு பேர். கல்லைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "யாரு ஒடச்சது?" எல்லாரும் கை நீட்டினார்கள். அமுலு தூரத்தில் நின்றிருந்தார்.

"அமுலம்மா, கிட்ட வாங்க. எந்தப் பக்கம் அடிச்சீங்க?"

அவரை எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வந்து, அடித்த இடத்தைக் காட்டினார்.

"நல்ல அடி. சரியா நடுவால பொளந்துக்கீது. எங்க லேப்ல மிஷின் வெச்சி அறுப்பாங்க, இவ்ளோ சுத்தமா வராது."

பிறகு மஞ்சளையும் குங்குமத்தையும் ஈரத் துணியால் துடைத்தார். உடைந்த சில்லு ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். சுருளின்மேல் நேராக ஆசிட் விடக் கூடாதாம். சில்லின்மேல் ஒரு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு பொங்கியது.

"ஐயோ, சீறுது! சீறுது!" என்று கூட்டம் ஏரிக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஏரியில் அப்போது தண்ணீர் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை.

சகலை அசையவில்லை. குவியலிலிருந்து இன்னொரு சாதாரணக் கல்லை எடுத்து அதிலும் ஒரு சொட்டு விட்டார். அதுவும் புஸ்ஸென்றது. இன்னொன்று. அதுவும்.

"சகல, நீங்க ஒரு லோடு பாம்பா எறக்குனீங்க?" என்று என்னைக் கேட்டார். முதலில் ஸ்தபதி சிரித்தார். பிறகு ஏரிக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். "சுண்ணாம்புக் கல்லுல ஆசிட்டு பட்டா இப்படித்தான் பொங்கும். பயப்படாதீங்க" என்றார்.

அடுத்து டூத் பிரஷால் தேய்த்தார். கோணி ஊசியால் மண்ணை நோண்டினார். பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை அதனிடம் கொண்டுபோனார். நாமெல்லாம் கண்ணாடியைக் கல்லிடம் கொண்டுபோவோம். வெகு நேரம் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை முறுக்கிச் சுருட்டித் தரையில் வைத்தார்.

"பாம்புக்கு எங்க தடி? வயித்துல. தலையும் சன்னம், வாலும் சன்னம். இதப் பாருங்க. நடுவுல ஊசி முன. வெளிய வர வர தடிச்சிக்கினே போவுது, எங்கயும் சன்னமாவல. வளந்துக்கினே போவுற பாம்ப யாராவது பார்த்துக்கீறீங்களா?"

"தல எங்க? தலய ஒடச்சிட்டாளா?" என்று ஒரு குரல்.

"தல இல்ல. வூடுதான் இருக்குது, ஆளு இல்ல. உள்ள பாருங்க, தடுப்புத் தடுப்பா சுவரு. பாம்புக்கு இன்னாத்துக்கு இத்தினி ரூமு?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். சுருளுக்குள் குறுக்குச் சுவர்கள், நடுவில் கடுகு போடும் அளவில் தொடங்கி, விளிம்பில் கைவிரல் நுழையும் அளவு வரை அறை அறையாக இருந்தன. சில அறைகளில் கல்கண்டு மாதிரி பளபளவென்று படிந்திருந்தது.

"கடல் ஜீவன் இது. வளர வளர முன்னால பெரிய ரூமாக் கட்டினு அங்க வந்துடும். பின்னால ரூம அடச்சிடும். அரியலூரெல்லாம் ஒரு காலத்துல கடலு. செத்து, சேத்துல பொதஞ்சி, சேறு கல்லாவும்போது இதுவும் கல்லாயிடுச்சி."

அமுலு முதல் தடவையாகப் பேசினார். "அப்ப வாடக வூடுங்களா?"

"சொந்த வூடுதான் அமுலம்மா. காலி பண்ணாம, கூடவே தூக்கினு போற வூடு."

"எத்தினி வருசம் ஆவுது?" என்று நான் கேட்டேன்.

"கோடிக் கணக்குல. கரெக்டா எனக்குத் தெரியாது சகல" என்றார். நானாக இருந்தால் ஒரு எண் சொல்லியிருப்பேன்.

பிறகு டின்னிலிருந்து சின்னச் சீட்டுகளை எடுத்தார். முதல் சீட்டில் "நாகம்" என்று எழுதி, "சொன்னவர்" என்று போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பெரியவர் பேரு இன்னா சகல?"

"பேரு கேக்கலியே."

"வேற யாரு பார்த்தாங்க அவர?"

"எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்ட்டாங்களே."

சகலை கல்லைப் பார்த்த அளவு நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு "சொன்னவர்" என்பதற்குப் பக்கத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு, இரண்டாவது சீட்டில் எழுதினார்: "நாட்டிலஸ்? சொன்னவர்: முனிரத்தினம்." அந்த ஜாதிச் சங்கு இன்றைக்கும் கடலில் உயிரோடு இருக்கிறதாம். ஒரு பாதியைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். கேள்விக்குறி போட்டுவிட்டதால் அவருக்கு வேலை முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலனியில் அமுலு வீட்டு வாசலில் சாமியானா. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். சொன்னபடி கையில் தட்டு இல்லை. அமுலு தம் வீட்டு எவர்சில்வர் தட்டில் அந்த இன்னொரு பாதிக் கல்லை வைத்து நடுவில் வைத்திருந்தார். செல்வி வெளியே வரவில்லை. சகலை மொபெட்டில் வந்து இறங்கினார். ஒரு கையில் கல், இன்னொரு கையில் ஒயர் கூடை.

உட்காராமலே பேசினார். "வியாழக்கெழம நான் சொன்னது தப்பு."

அமுலுவின் முகத்தை நான் பார்த்தேன். சகலையின் இடுப்பில் கிள்ளினேன். அவர் என் கையை எடுத்துவிட்டுத் தொடர்ந்தார். "நாட்டிலஸ்னு சொன்னேன். அது இல்ல."

பச்சையம்மாள் சேரில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். "நல்லாக் கீதே நாயம்! அன்னிக்கு ஒண்ணு சொன்னே, இன்னிக்கு ஒண்ணு சொல்றே. நாளைக்கி பாம்புதான்னுவியா பெரியவரே?"

"கேளுங்கம்மா. மூணு நாளா தேய்ச்சேன். இதோ, வெளித்தோல் தேஞ்ச எடத்துல ரூமு சுவரு ஒட்டுன கோடு தெரியுது. நாட்டிலஸா இருந்தா கோடு சாதாவா வளைஞ்சி போவும். இது கொத்தமல்லி எல ஓரம் மாதிரி நெளிஞ்சி நெளிஞ்சி போவுது. அப்பறம், எல்லா ரூமையும் கோத்துக்கினு ஒரு சின்னக் கொழா போவும், சலைன் ஏத்துற ட்யூப் மாதிரி. நாட்டிலஸ்ல அது சுவத்துக்கு நடுவுல. இதுல வெளி விளிம்போட ஒட்டினு போவுது. அதனால இது அம்மோனைட். இந்த வம்சம் இப்ப எங்கயும் இல்ல. முழுப் பேரு சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பு பத்தாது. குடும்பம் இன்னதுன்னு மட்டும் சொல்லுவேன்."

"இன்னா குடும்பம்?"

சகலை ஒயர் கூடைக்குள் கைவிட்டு, ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்த, கணவாய் ஜாதிக் கடம்பா மீன் ஒன்றை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளையாய், வழவழவென்று, முகத்தில் பத்துக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தது. "இது அதுக்குப் பங்காளி. கல்லு வூட்டுக்குள்ள இருந்தது இது மாதிரித்தான், கையும் கண்ணுமா இருந்திருக்கும். நாட்டிலஸோ அம்மோனைட்டோ, ரெண்டுக்கும் பல்லுல வெசம் கெடயாது, படம் கெடயாது. என் சந்தேகம் எந்த வூட்டுப் புள்ளன்னுதான். பாம்பான்னு எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரல."

பச்சையம்மாள் எழுந்து வந்து குனிந்தார். "அட, இது கடம்பா! இத்த நானு போன வாரம் தொக்கு வெச்சேனே!"

"வெட்டித்தான வெச்சீங்க? தோசம் வந்துச்சா?"

"உப்புதான் தூக்கலாப் போச்சி" என்றார் மாப்பிள்ளைப் பையன். வேனில் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பச்சையம்மாள் மகனை முறைத்துவிட்டு, அமுலுவைப் பார்த்தார். "அப்ப நானு வெட்னது பேரன், நீ ஒடச்சது பாட்டன். அதுவும் செத்து எந்தக் காலமோ ஆன பாட்டன். ரெண்டு பேரும் ஒண்ணுதான் சம்மந்தி."

சம்பந்தி என்று சொன்னபோதுதான் அமுலு உட்கார்ந்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பச்சையம்மாள் விடவில்லை. "பெரியவரே, இவ்ளோ நாள் எங்கள அலைய வுட்டுதே ஒரு வாயி, அது யாரு? மொதல்ல பாம்புன்னு சொன்னது யாரு?"

நான் திருப்புட்குழிப் பெரியவரின் தாடியைப் பற்றிச் சொல்ல எழுந்தேன். சகலை என் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். "யாரோ வழியோட போனவரு. விடுங்கம்மா. முப்பது வருசம் இதே வேலயா இருந்த நானே மொதப் பார்வைல தப்பாத்தான் சொன்னேன்" என்றார். அந்தக் கையை அவர் உடனே எடுக்கவில்லை.

தட்டு இல்லையே என்று யாரோ சொன்னார்கள். அமுலு தட்டிலிருந்த கல்லைத் தூக்கித் தரையில் வைத்தார். பச்சையம்மாள் அந்தத் தட்டைத் தம் முந்தானையால் துடைத்தார். அதிலேயே வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்து மாற்றினார்கள். கடம்பாவை அன்று மாலையே சம்பந்திகள் இருவரும் சேர்ந்து குழம்பு வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சகலைக்கு முதல் பந்தியில் முதல் இலை போட்டார்கள். கல்லின் இரண்டு பாதிகளும் ஓர் அட்டைப் பெட்டியில் அவர் வீட்டில் இருந்தன.

போவதற்கு முந்தின வாரம் பெட்டியையும் பூதக்கண்ணாடியையும் இங்க் பேனாவையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓட்டுவதற்கு மூச்சு போதவில்லை.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் சகல."

"நான் இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்? எனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு ஒன்று தெரியாது என்று நான் சொல்லி அவர் அன்றுதான் கேட்டிருப்பார். சிரித்தார். "நீங்க எழுதுறவராச்சே. இதுல ஒரு சின்ன எழுத்து வேல பாக்கி கீது. அவசரமில்ல" என்றார். டீ குடித்தார். பாதி டம்ளர் வைத்துவிட்டுப் போனார்.

அவரை எடுத்த அன்று அமுலு வந்திருந்தார். "செல்விய வரக் கூடாதுன்னுட்டாங்க, ஏழு மாசம். அவளுக்கும் சேத்து நானே வந்தேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். சகலையின் கால்மாட்டில் வெகு நேரம் நின்றார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் பெட்டியைத் திறந்தேன். கல்லின்மேல் வெள்ளைப் பொட்டு. அடியில் மூன்று சீட்டுகள். கடைசிச் சீட்டில், "அம்மோனைட். சுண்ணாம்புக் கல், அரியலூர்ப் பக்கம். சொன்னவர்: முனிரத்தினம். கண்டெடுத்தவர்: திருமதி அமுலு." அதற்குமேல் அவருடைய தவறு, கேள்விக்குறியோடு. எல்லாவற்றுக்கும் மேலே முதல் சீட்டு. "நாகம். சொன்னவர்:" என்று எழுதி, அதற்குப் பக்கம் காலி. ஒன்றரை வருடமாகக் காலி.

திருப்புட்குழியிலிருந்து அன்று யாரும் வரவில்லை. தாடி, கடுக்கன், பித்தளைச் செம்பு எல்லாம் நான் போட்டது. கரையில் நான் ஒருவன்தான் இருந்தேன். நான் இறக்கிய லோடில் ஏதோ பெரியது வந்திருக்கிறது என்று ஊர் பேச வேண்டும் என்று ஆசை. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று ஒரு பெரியவரைச் சொல்ல வைத்தேன். உடைந்து கிடக்கிறதே, அதற்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, உடைத்த கைக்குத் தோஷம் என்பதையும் சேர்த்தேன். அந்தக் கை யாருடையது என்று அப்போது நான் நினைக்கவே இல்லை. சகலைக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் கூட.

அமுலம்மா, இந்த மலரை உங்களுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். அவர்கள் படிப்பதற்கு முன்னால் நானே வந்து சொல்கிறேன்.

பாம்பு அல்ல என்று முதல் நாளே சொன்னேன் என்று இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. அதற்குக் கீழே இதுதான் புதுச் சீட்டு.

உங்கள் பேனாவாலேயே எழுதிவிட்டேன் சகலை. "நாகம். சொன்னவர்: கோவிந்தசாமி." கேள்விக்குறி போடவில்லை. மை காய்ந்ததும் பெட்டியை மெல்ல மூடினேன். போய் வாருங்கள்.